அக்காடிய மூதாதையரின் குடும்பத்தைப் பங்குப் பதிவேடுகளிலும் குடிக்கணக்குகளிலும் தேடுவது எப்படி

இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக், பிரின்ஸ் எட்வர்ட் தீவு ஆகிய பகுதிகளில் 17ஆம் நூற்றாண்டில் குடியேறிய பிரெஞ்சு உழவர்களின் வழிவந்தவர்களே அக்காடியர்கள். 1755இல் தொடங்கி 1763 வரை ஆங்கிலேய ஆட்சி அவர்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை நிலத்திலிருந்து பிடுங்கிக் கப்பலேற்றி அனுப்பியது. ஒரே ஊரைச் சேர்ந்த உறவினர்கள் பாஸ்டனிலும், மேரிலாந்திலும், இங்கிலாந்தின் லிவர்பூலிலும், பிரான்ஸின் செயின்ட் மாலோவிலும் சிதறிக் கிடந்தார்கள். அப்படியிருந்தும், உங்கள் குடும்பத்திலோ மணவுறவால் உங்களோடு இணைந்த குடும்பத்திலோ ஓர் அக்காடியக் கிளை இருந்தால், அதைப் பெரும்பாலும் 1671ஆம் ஆண்டு வரை பெயர் பெயராகப் பின்தொடர முடியும். கத்தோலிக்கக் குருக்கள் தத்தம் பங்கின், அதாவது ஒரு கோவிலைச் சார்ந்த மக்கள் வட்டாரத்தின், பதிவேட்டில் ஒவ்வொரு திருமுழுக்கையும் (ஞானஸ்நானம்) திருமணத்தையும் அடக்கத்தையும் எழுதி வைத்தார்கள் என்பது இதற்கு ஒரு காரணம். பெண்கள் மணமான பின்னும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவு செய்யப்பட்டார்கள் என்பது மற்றொரு காரணம். இந்த இரண்டாவது செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டு தொடங்குங்கள், ஏனெனில் இந்தத் தேடலில் ஆண்களின் பெயரைவிடப் பெண்களின் பிறந்த வீட்டுப் பெயரே உங்களைச் சரியான குடும்பத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

உயிரோடிருப்பவர்களிடமிருந்து பின்னோக்கிச் செல்லுங்கள்

புகழ்பெற்ற ஒரு மூதாதையரைப் பிடித்துக்கொண்டு அவரிடமிருந்து கீழ்நோக்கி உங்கள் குடும்பத்துக்கு வழி தேடுவது வீண் உழைப்பு. பாட்டன் பாட்டியின் பெயர், அவர்கள் பிறந்த ஊர், மணம் முடித்த கோவில் ஆகியவற்றை வீட்டில் உள்ள முதியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு, அங்கிருந்து ஒவ்வொரு தலைமுறையாக மேலேறுங்கள். பிரெஞ்சுக் குடும்ப ஆய்வாளர்கள் பயன்படுத்தும் சோசா எண்முறை இதற்கு மிகவும் ஏற்றது: நீங்கள் 1, உங்கள் தந்தை 2, தாய் 3, யாருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய தந்தையின் எண்ணும், அதனோடு ஒன்றைக் கூட்டினால் தாயின் எண்ணும் கிடைக்கும். பத்தாம் தலைமுறையில் 512 இடங்கள் இருக்கும். அக்காடியக் குடும்பத்தில் ஒரே தம்பதியர் அவற்றுள் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருவது இயல்பானது, அது பிழையன்று.

முதலில் கனடாவின் குடிக்கணக்குகளை, அதாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை, பாருங்கள். 92 ஆண்டுகள் கழிந்த பின்னரே அவை பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. 1931ஆம் ஆண்டுக் கணக்கு 2023 ஜூனில் வெளிவந்தது. அதிலிருந்து 1921, 1911, 1901 என்று 1871 வரை இறங்கிச் செல்லலாம். இவை அனைத்தும் கனடா நூலகமும் ஆவணக் காப்பகமும் நடத்தும் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 1901ஆம் ஆண்டுக் கணக்கில் முழுப் பிறந்த தேதி கேட்கப்பட்டது என்பதால் அது தனிப் பயனுடையது. ஆனால் அந்தத் தேதியைப் பங்குப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் ஓரிரு ஆண்டுகள் மாறியிருப்பதைக் காண்பீர்கள். 1871ஆம் ஆண்டுக் கணக்கில் நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக், கியூபெக், ஒன்டாரியோ ஆகிய நான்கு மாகாணங்களே உள்ளன. பிரின்ஸ் எட்வர்ட் தீவு 1873இல்தான் கனடாவோடு இணைந்தது. குடும்பம் நாடுகடத்தலுக்குப் பின் இன்றைய அமெரிக்காவின் லூசியானாவில் குடியேறியதாயின், அமெரிக்கக் கணக்குகள் 72 ஆண்டுகளில் திறக்கப்படுவதால் 1950 வரை பார்க்கலாம். 1890ஆம் ஆண்டுக் கணக்கின் பெரும்பகுதி தீவிபத்தில் அழிந்துபோனது.

குடிக்கணக்கைப் படிக்கும்போது ஒரு தனிமனிதரின் பெயரை மட்டும் தேடாமல், வீட்டிலுள்ள அத்தனை பிள்ளைகளின் பெயர்களையும் அக்கம்பக்கத்து வீடுகளையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கிலம் மட்டுமே அறிந்த கணக்கெடுப்பாளர் காதில் விழுந்தபடி பெயரை எழுதியதால், புவாரியே என்னும் குடும்பம் பெரி என்றும், துவாரோன் என்பது கோல்டு என்றும், ஓக்குவேன் என்பது ஓக்குவின் என்றும், லெப்லான் என்பது ஒயிட் என்றும் மாறியிருக்கும். குடும்பப்பெயரால் கிடைக்காதவரைப் பிள்ளைகளின் பெயர் வரிசையால் கண்டுபிடித்துவிடலாம். அதேபோல, திருமுழுக்கின்போது பெண் குழந்தைகளுக்கு மரி என்றும் ஆண் குழந்தைகளுக்கு ஜோசப் என்றும் முன்பெயர் சேர்க்கும் வழக்கம் இருந்ததால், பதிவேட்டில் இரண்டு மூன்று பெயர்களோடு இருக்கும் குழந்தை குடிக்கணக்கில் கடைசிப் பெயரால் மட்டுமே குறிக்கப்பட்டிருக்கக்கூடும்.

திருமணப் பதிவே ஏணிப்படி

எந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள் என்று தெரிந்ததும் குடிக்கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டுப் பங்குப் பதிவேட்டுக்குச் செல்லுங்கள். கரக்கேத் பங்கில் 1768 முதலும், மெம்ராம்குக் பங்கில் 1781 முதலும் பதிவேடுகள் உள்ளன. நோவா ஸ்கோஷியாவின் தென்மேற்குக் கரையில் 1799இல் வந்திறங்கிய குருவானவர் ழான் மான்டே சிகோன், சென்ட் மரி விரிகுடாப் பகுதியிலும் சென்ட் ஆன் டு ருயிசோவிலும் அந்த ஆண்டு முதலே பதிவேடுகளைப் பேணினார். இவற்றின் படங்களை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நோவா ஸ்கோஷியாவின் அரசுப் பிறப்பு இறப்புப் பதிவுகள் 1864 முதல் 1877 வரையும் பின்னர் 1908 முதலும் மட்டுமே உள்ளன. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளுக்குப் பங்குப் பதிவேட்டை விட்டால் வேறு வழியில்லை.

பதிவுகள் பிரெஞ்சு மொழியிலும் பழைய கையெழுத்திலும் இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஒவ்வொரு பதிவும் ஒரே வாய்பாட்டில் எழுதப்பட்டது. திருமுழுக்குப் பதிவில் முதலில் நாள், பிறகு குழந்தை எப்போது பிறந்தது என்பது, பிறகு குழந்தையின் பெயர், தந்தையின் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், இறுதியில் திருமுழுக்கின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தந்தை, ஞானத்தாய் பெயர்கள், குருவின் கையொப்பம் என்று வரும். பத்துப் பதிவுகளைப் பொறுமையாகப் படித்தால் பதினோராவது தானாகவே பிடிபடும். குரு இல்லாத ஊரில் பிறந்து உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்த குழந்தைக்கு வீட்டாரே தண்ணீர் ஊற்றி முழுக்காட்டியிருப்பார்கள். குரு வந்தபின் மீதிச் சடங்கு முடிந்து பதிவு எழுதப்படும். ஆகவே பிறந்த நாளும் பதிவு நாளும் பல மாதங்கள் விலகியிருக்கலாம்.

மேலே ஏறுவதற்கு உதவுவது திருமணப் பதிவு. மணமகன், மணமகள் இருவருடைய தந்தையர் பெயரும், தாய்மாரின் பிறந்த வீட்டுப் பெயரும், பெற்றோர் எந்தப் பங்கினர் என்பதும், அவர்களில் யார் இறந்துவிட்டார்கள் என்பதும் அதில் இருக்கும். ஒரே பதிவில் நான்கு மூதாதையர் கிடைத்துவிடுகிறார்கள். அவர்களுடைய திருமணப் பதிவுகளைத் தேடினால் எட்டுப் பேர். இங்கே புதியவர்கள் அடிக்கடி முட்டிக்கொள்ளும் ஓரிடம் உண்டு: கைம்பெண்ணோ மனைவியை இழந்தவரோ மறுமணம் செய்துகொண்டால், அந்தப் பதிவில் பெற்றோர் பெயருக்குப் பதிலாக இறந்த துணைவரின் பெயரே எழுதப்படும். அப்படிப்பட்ட பதிவைக் கண்டால் வருந்தி நிற்காமல், இறந்தவரின் பெயரைக் கொண்டு முதல் திருமணப் பதிவைத் தேடுங்கள். பெற்றோர் அதில் இருப்பார்கள்.

பெயர் ஒற்றுமையை மட்டும் வைத்து யாரையும் இணைக்காதீர்கள். நோவா ஸ்கோஷியாவின் போர்ட் ராயலில் குடியேறிய டானியேல் லெப்லானுக்கும் பிரான்சுவாஸ் கோடேவுக்கும் பிறந்த மகன்களில் ழாக், ரெனே, ஆந்த்ரே, அந்துவான், பியர் ஆகிய ஐவருக்கும் சந்ததி பெருகியது; அவர்கள் பிள்ளைகளுக்கு வைத்ததும் இதே பெயர்கள்தாம். மூன்றாம் தலைமுறைக்கு வரும்போது ஒரே வட்டாரத்தில் ஒரே வயதுடைய பல பியர் லெப்லான்களை எதிர்கொள்வீர்கள். மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரும், பிள்ளைகளுக்கு ஞானப்பெற்றோராக வந்தவர்களின் பெயரும் ஒத்துப்போன பிறகே ஒருவரை உங்கள் கிளையில் சேர்க்க வேண்டும். ஞானப்பெற்றோராகப் பெரும்பாலும் நெருங்கிய உறவினரையே அழைத்தார்கள் என்பதால், அந்தப் பெயர்கள் நல்ல சாட்சிகள். புரூசார் குடும்பத்துக்குப் போசொலேய் என்றும், மெலான்சோன் குடும்பத்துக்கு லாவெர்டூர் என்றும் வழங்கிய துணைப்பெயர்களையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். சில பதிவுகளில் துணைப்பெயர் மட்டுமே இருக்கும்.

1755 என்னும் பிளவைக் கடப்பது

தேடல் இங்கேதான் கடினமாகிறது. 1755 செப்டம்பர் 5 அன்று கிரான் பிரே ஊரின் கோவிலில் ஆண்களைக் கூட்டி வைத்து, அவர்கள் வெளியேற்றப்படும் ஆணையை ஜான் வின்ஸ்லோ என்ற படைத்தலைவர் படிக்கச் செய்தார். அவரே வைத்திருந்த நாட்குறிப்பில், அந்த வட்டாரக் குடும்பத் தலைவர்களின் பெயர், ஊர், மகன் மகள்களின் எண்ணிக்கை, கால்நடைகளின் எண்ணிக்கை ஆகியவை பட்டியலாக உள்ளன. உங்கள் மூதாதையர் கிரான் பிரே அடங்கிய மினாஸ் பகுதியைச் சேர்ந்தவராயின், வெளியேற்றத்துக்கு முன் அவர் எந்தச் சிற்றூரில் இருந்தார் என்பதை அறிய இதைவிட நேரான சான்று கிடையாது. ஒரு மக்களின் வாழ்வை அழிக்க வந்தவரின் குறிப்பேடே அந்த மக்களின் பிள்ளைகளுக்கு இன்று முதன்மைச் சான்றாக நிற்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

நாடுகடத்தப்பட்டவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதைப் பொறுத்தே தேடுமிடம் அமையும். மாசசூசெட்ஸ், கனெக்டிகட், நியூயார்க், பென்சில்வேனியா, மேரிலாந்து, தென் கரோலினா, ஜார்ஜியா ஆகிய குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டோரில் பலருடைய பெயர்கள் 1763ஆம் ஆண்டுப் பட்டியல்களில் உள்ளன. பாரிஸ் உடன்படிக்கைக்குப் பின் பிரெஞ்சு நிலத்துக்குச் செல்ல விரும்பியவர்கள் குடும்பம் குடும்பமாகத் தங்கள் பெயரைக் கொடுத்த பட்டியல்கள் அவை. ஹாலிஃபாக்ஸிலும் போசெழூர் கோட்டையிலும் சிறைப்பட்டிருந்தவர்களுக்கும் அதே ஆண்டின் பட்டியல்கள் கிடைக்கின்றன. மாசசூசெட்ஸ் ஆவணக் காப்பகத்தில் 23, 24ஆம் தொகுதிகள் அக்காடியர்களைப் பற்றியவை. எந்த ஊரில் எந்தக் குடும்பம் வைக்கப்பட்டது என்பதை அவற்றில் காணலாம்.

இந்தக் குடியேற்றங்களில் பெரும்பாலும் கத்தோலிக்கக் குரு இல்லை. ஆகவே 1755க்கும் 1766க்கும் இடையே பிறந்த குழந்தைகளும் நடந்த திருமணங்களும் அந்தந்த ஊரில் பதிவாகவில்லை. அந்தக் குடும்பங்கள் 1766, 1767 ஆண்டுகளில் கியூபெக்கின் பெக்கான்கூர், லாசொம்ப்சியோன் முதலிய பங்குகளுக்கு வந்து சேர்ந்தபோது, பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் குரு திருமுழுக்கை நிறைவு செய்தார். சாட்சிகள் முன்னிலையில் மட்டும் மணந்துகொண்டவர்களுக்குத் திருமணத்தை உறுதி செய்தார். ஒரு பிள்ளையின் பதிவு அது பிறந்த ஆண்டில் கிடைக்காவிட்டால், கியூபெக்கில் பத்தாண்டு தள்ளித் தேடிப் பாருங்கள். மொன்றியால் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மக்கள்தொகை ஆய்வுத் திட்டம் கியூபெக்கின் பழைய பங்குப் பதிவுகளைக் குடும்பவாரியாகத் தொகுத்திருப்பதால், அங்கே தேடுவது எளிது.

வர்ஜீனியா ஏற்க மறுத்தவர்கள் 1756இல் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1763இல் பிரான்ஸின் செயின்ட் மாலோவுக்கும் மோர்லேக்கும் வந்தார்கள். அவர்களில் 78 குடும்பங்கள் 1765இல் பெல் ஈல் தீவில் குடியமர்த்தப்பட்டன. பதிவேடுகளை இழந்த அந்தக் குடும்பத் தலைவர்கள் 1767இல் சத்தியப் பிரமாணம் செய்து, தங்கள் பெற்றோர், பாட்டன்மார், பிரான்ஸிலிருந்து முதலில் வந்தவர் என்று நினைவிலிருந்தே தலைமுறைகளைச் சொல்லச் சொல்ல எழுதிவைத்தார்கள். பிற இடங்களில் அழிந்துபோன பதிவேடுகளின் இடத்தை ஓரளவு நிரப்புவது இந்த வாக்குமூலங்களே. சொன்னவர் நேரில் அறிந்த இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு இவற்றை நம்பலாம். நூறாண்டுக்கு முந்தைய செய்திகளை வேறு சான்றோடு ஒப்பிட வேண்டும். 1785இல் பிரான்ஸிலிருந்து ஏழு கப்பல்களில் ஏறத்தாழ 1,600 அக்காடியர்கள் லூசியானா சென்றார்கள். அந்தப் பயணிகளின் பட்டியல்கள் குடும்பவாரியாக உள்ளன.

சென் ழான் தீவில், அதாவது இன்றைய பிரின்ஸ் எட்வர்ட் தீவில், இருந்தவர்கள் 1758இல் நாடுகடத்தப்பட்டார்கள். டியூக் வில்லியம், வயலெட் என்னும் இரு கப்பல்கள் அந்த டிசம்பரில் அட்லான்டிக்கில் மூழ்கின. 1752ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அந்தத் தீவில் பிள்ளைகளோடு இருந்த குடும்பம் அதற்குப் பின் எங்குமே தென்படவில்லை என்றால், முழுக் குடும்பமும் கடலில் மாண்டிருக்கக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1755க்கு முந்தைய பதிவேடுகள்

எஞ்சியிருப்பவை சிலவே. போர்ட் ராயலின் புனித யோவான் பங்குப் பதிவேடு 1702 முதல் 1755 வரை பிழைத்திருக்கிறது. நோவா ஸ்கோஷியா ஆவணக் காப்பகம் அதைப் பெயர்வாரியாகத் தேடும் வசதியோடும் மூலப் படங்களோடும் இலவசமாக வழங்குகிறது; பழகுவதற்கு இதைவிட நல்ல இடமில்லை. கிரான் பிரேயின் புனித சார்லஸ் பங்குப் பதிவேட்டை நாடுகடத்தப்பட்ட மக்களே தம்மோடு எடுத்துச் சென்றார்கள். மேரிலாந்து வழியாக லூசியானாவின் செயின்ட் கேப்ரியலை அடைந்த அந்த ஏடுகள், 1707 முதல் 1748 வரையிலானவை, இன்று பேட்டன் ரூஜ் மறைமாவட்டக் காப்பகத்தில் உள்ளன. வீட்டையும் மாட்டையும் விட்டுவர நேர்ந்தவர்கள் திருமுழுக்கு ஏட்டை விடவில்லை. போபசேன் பங்கின் ஏடுகள் இடையிடையே விடுபட்டு 1740கள் வரை உள்ளன. பிசிகிட்டின் இரு பங்குகள், ரிவியேர் ஓ கனார், கோபெக்விட் ஆகியவற்றின் ஏடுகள் முற்றிலும் தொலைந்துவிட்டன.

தொலைந்த பங்கைச் சேர்ந்தவரின் பெற்றோரை எப்படி அறிவது? இங்கே உதவுவது திருமண விலக்கு, அதாவது தடை செய்யப்பட்ட மணத்துக்குத் திருச்சபை தந்த சிறப்பு அனுமதி. நான்காம் படி வரையிலான இரத்த உறவினர் மணந்துகொள்வதைத் திருச்சபை தடை செய்திருந்தது. மணக்க வேண்டுமானால் ஆயரிடமோ அவருடைய பதிலாளரிடமோ விலக்குப் பெற வேண்டும், அந்த விலக்கு எத்தனையாம் படி உறவுக்கு என்பதும் திருமணப் பதிவில் எழுதப்படும். உடன்பிறந்தவர்கள் முதல் படி, அவர்களுடைய பிள்ளைகள் ஒருவருக்கொருவர் இரண்டாம் படி, பேரப்பிள்ளைகள் மூன்றாம் படி, கொள்ளுப் பேரப்பிள்ளைகள் நான்காம் படி. மாமன் பிள்ளை, சிற்றப்பன் பிள்ளை என்று நாம் பார்க்கும் வேறுபாடு அங்கே இல்லை. எந்த வழியானாலும் படி ஒன்றுதான்.

பிசிகிட்டில் பிறந்த எபேர் குடும்பத்து இளைஞன் ஒருவன், முன்னோர் எல்லாரும் தெரிந்த லான்ட்ரி குடும்பத்துப் பெண் ஒருத்தியைக் கியூபெக்கில் மணந்ததாக வைத்துக்கொள்வோம். பதிவில் மூன்றாம் படி விலக்கு என்று இருக்கிறது. அப்படியானால் அவனுடைய பாட்டன் பாட்டியரில் ஒருவரும் அவளுடைய பாட்டன் பாட்டியரில் ஒருவரும் உடன்பிறந்தவர்கள். அவளுடைய பாட்டன் பாட்டி நால்வர். அவர்களின் உடன்பிறந்தவர்களைப் பட்டியலிட்டு, அவர்களில் எபேர் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர் யார், எபேர் குடும்பத்துக்குப் பெண் கொடுத்தவர் யார் என்று பார்த்தால், தேடும் வட்டம் மிகவும் சுருங்கிவிடும். அதே இளைஞனின் உடன்பிறந்தாருடைய திருமணங்களிலும் விலக்குகள் இருந்தால் அவற்றையும் சேர்த்து ஒரே தாளில் வரைந்து பாருங்கள். எல்லா விலக்குகளுக்கும் ஒருசேரப் பொருந்துகிற பெற்றோர் இணை ஒன்றுதான் என்றால், உங்கள் முடிவு வலுவுடையது. மூன்றாம் படிக்கு நான்காம் படி என்று இரு எண்கள் வந்தால், இருவரும் பொது மூதாதையரிடமிருந்து வெவ்வேறு தலைமுறைத் தொலைவில் இருப்பதாகக் கொள்ள வேண்டும். விலக்கு இரத்த உறவுக்கா, மணவுறவுக்கா என்பதைக் கட்டாயம் கவனியுங்கள். இறந்த மனைவியின் உறவினளை மணந்தவருக்கும் விலக்குத் தேவைப்பட்டது, அதை இரத்த உறவாகக் கொண்டால் கணக்கு முழுவதும் தவறிவிடும். இந்த முறையைத் துல்லியமாகக் கையாண்டவர் ஸ்டீபன் வைட். 1999இல் மாங்க்டன் பல்கலைக்கழகத்தின் அக்காடிய ஆய்வு மையம் வெளியிட்ட அவருடைய குடும்ப அகராதி, 1636 முதல் 1714 வரையிலான குடும்பங்களுக்கு இன்றும் முதல் துணையாகும்.

பிரெஞ்சு ஆட்சிக்காலக் குடிக்கணக்குகள்

1671இல் லோரான் மோலின் என்னும் குரு போர்ட் ராயலில் வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்கில் கணவன், மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர், வயது, தொழில், பிள்ளைகளின் பெயர்கள், மாடு, ஆடு, பயிர் நிலம் எல்லாம் உள்ளன. பியர் லானூ என்ற பீப்பாய் செய்பவர், தாம் நலமாயிருப்பதாகவும் வயதைச் சொல்ல விருப்பமில்லை என்றும் சொல்லியனுப்பினார். எத்தியேன் ரோபிஷோ குருவைக் காண விரும்பாமல் வீட்டைவிட்டுப் போய்விட்டார். 1686, 1693ஆம் ஆண்டுக் கணக்குகளிலும் குடும்ப உறுப்பினர் பெயரும் வயதும் உள்ளன. 1703, 1707ஆம் ஆண்டுகளுடையவற்றில் தலைவரின் பெயரோடு மற்றவர்களின் எண்ணிக்கை மட்டுமே இருக்கும். இவற்றை வரிசையாக வைத்து, ஒரே குடும்பத்தில் பிள்ளைகளின் வயது ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்கு எப்படி நகர்கிறது என்று அட்டவணை போடுங்கள். ஒரு பிள்ளை மறைந்து, அதே வயதுடைய புதிய குடும்பத் தலைவரோ மனைவியோ பக்கத்துக் குடியிருப்பில் தோன்றினால், அங்கே ஒரு திருமணத்தைத் தேடலாம். பெரியவர்களின் வயதுகளில் மூன்று நான்கு ஆண்டுப் பிசகு இயல்பு. சிறு பிள்ளைகளின் வயதுகளே நம்பத்தக்கவை. 1714க்குப் பின் ஆங்கிலேயர் ஆண்ட பெருநிலத்தில் இத்தகைய பெயர்வாரிக் கணக்கு எடுக்கப்படவில்லை. பிரெஞ்சு வசமிருந்த தீவுகளில் 1752இல் ஜோசப் டி லா ரோக் எடுத்த கணக்கு மட்டும் பிறந்த இடம், நாட்டுக்கு வந்து எத்தனை காலம் ஆயிற்று என்பது வரை விரிவாகச் சொல்கிறது. மூலங்கள் பிரான்ஸின் எக்ஸ் ஆன் புரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

1671ஆம் ஆண்டுக் குடும்பத்தை அடைந்ததும் பிரான்ஸில் இன்ன ஊர் என்று எழுதிவிட ஆசை எழும். வென்சான் புரூன் என்பவரின் பிள்ளைகள் 1640களில் லூதன் நகருக்கு அருகிலுள்ள லா ஷோசே பங்கில் திருமுழுக்குப் பெற்றது பதிவேட்டில் உள்ளது. அதனால் அவருக்கு ஊர் எழுதலாம். இப்படிப்பட்ட சான்று கிடைத்த குடும்பங்கள் சிலவே. இணையத்தில் உலவும் குடும்ப மரங்கள் மற்றவர்களுக்கும் ஓர் ஊரைத் தந்திருக்கும்; பதிவேட்டின் பக்கத்தைக் காட்டாத எந்த ஊரையும் உங்கள் அட்டவணையில் ஏற்றாமல், அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டு வையுங்கள்.